மஞ்சள் பெட்டிக்குள் இரண்டு வரி

எச்சரிக்கை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு விசேஷம் உண்டு: அவன் எழுதியதைப் படித்தவர்கள் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை, படிக்காதவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். எட்டு வருஷமாக நான் பேசியதெல்லாம் படிக்காதவர்களோடுதான். லிஃப்டில் ‘ஆறு பேர் மட்டும்’ என்று எழுதுகிறவர், மருந்துச் சீசாவில் ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்று எழுதுகிறவர், காம்பவுண்டுச் சுவரில் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று எழுதுகிறவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாம் எல்லாரும் ஒரே ஜாதி. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலுக்கு மேல் சிவப்பு எழுத்தில் டோக்கன் நம்பர் காட்டும் போர்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் போர்டுகளைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். மைசூர் தேவராஜ மொஹல்லாவில், ஒரு வளையல் கடைக்கு மேல் மாடி. போர்டை வாங்குகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அதை இயக்க ஒரு ப்ரோகிராம் எழுதிக்கொள்ள வேண்டும். அடியிலிருந்து எழுதினால் சிரமம் என்று, வேண்டிய கட்டளைகளை நாங்களே எழுதித் தொகுத்துக் கொடுக்கிறோம். அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். எந்தக் கட்டளை எதற்கு என்று விளக்கும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. ‘இந்தக் கட்டளை பழசாகிவிட்டது, போடாதீர்கள், பதிலாக அதைப் போடுங்கள்’ என்று அந்தப் பக்கங்களில் மஞ்சள் பெட்டி கட்டி எழுதுவது என் வேலை. எழுதியதைக் காலாகாலத்தில் திருத்துவதும்தான்.

நான் காலேஜ் போனவன் இல்லை. இருபது வருஷம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தேன். அதை மூடிய பிறகு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ப்ரோகிராம் கற்றேன். என் மனைவி வசந்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, இங்கிலீஷை எழுத்தெழுத்தாகப் படித்துக் கேள்வி கேட்பாள். என் பதில் சரியா தப்பா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நான் தயங்கினால் தப்பு என்று வைத்துக்கொள்வாள். பெரும்பாலும் அவள் கணக்கு சரியாகவே இருக்கும். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கீழே வருபவற்றில் ஒரு கைக்குழந்தை வருகிறது. அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மற்றவற்றைச் சொல்லாமல் அதைச் சொன்னால், எனக்கே புரியாதது உங்களுக்கு எப்படிப் புரியும்?

அணைக்க வழி

நான் எழுதிய முதல் மஞ்சள் பெட்டி ‘ஷோ’ என்ற கட்டளைக்கு. போர்டில் நம்பரைக் காட்டுவதற்கான பழைய கட்டளை அது. அதற்குப் பதிலாக ‘டிஸ்ப்ளே’ என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. ஏன் பழையதைப் போடக் கூடாது, போட்டால் என்ன ஆகும், புதியதை எப்படிப் போடுவது என்று ஏழெட்டு வரி எழுதி முதலாளி ஹரீஷிடம் காட்டினேன். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேசுவார். “ஸார், ஃபோன்ல பாத்தா பெட்டியே ஸ்க்ரீனை அடைக்குது. ரெண்டு வரி சாகு” என்றார். போதும் என்று அர்த்தம். காரணத்தை வெட்டினேன். ‘ஷோ பழசாகிவிட்டது, அடுத்த பதிப்பில் நீக்கப்படும். டிஸ்ப்ளேயைப் பயன்படுத்தவும்’ என்பது மட்டும் நின்றது. வெட்டியதை ஒரு நோட்டில் குறித்து மேஜை டிராயரில் போட்டேன். ஸ்டோர்க்காரனுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது.

‘ஷோ’வைப் போட்டு ப்ரோகிராமை ஓட்டினால், அதே இரண்டு வரி அவர்கள் ஸ்க்ரீனிலும் மஞ்சள் எழுத்தில் வரும்படி செய்தோம். நாலாம் நாள் மண்டியாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மஞ்சள் எழுத்தைப் பார்த்ததாகச் சொன்னார். என் எழுத்தை ஒருவர் பார்த்துவிட்டார் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுக் கட்டளையை விளக்கலாம் என்று பேப்பர் எடுத்துத் தயாராக உட்கார்ந்தேன். அவர் கேட்டது இதுதான்: “சார், அந்த மஞ்சள் எழுத்து தொந்தரவா இருக்கு. அது வராம பண்ண ஏதாவது கமாண்ட் இருக்கா?”

இப்படி எழுதாதீர்கள்

வார்த்தையால் சொன்னால் புரியவில்லை, உதாரணத்தோடு சொல்லலாம் என்று அடுத்து நினைத்தேன். மஞ்சள் பெட்டிக்கு உள்ளேயே ‘தவறு: இப்படி எழுதாதீர்கள்’ என்று ஒரு வரி போட்டு, அதன் கீழ் தவறான உதாரணத்தை எழுதினேன். சரியான உதாரணம் பெட்டிக்கு வெளியே, கொஞ்சம் கீழே. அனுபவம் உள்ளவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். நம் ஆட்கள் பக்கத்தைத் திறந்ததும் படிப்பதில்லை. கண்ணில் படுகிற முதல் உதாரணத்தைக் காப்பி செய்துகொண்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்திலேயே பளிச்சென்று இருப்பது என் மஞ்சள் பெட்டி.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, சாப்பாட்டுப் பந்திக்கு டோக்கன் காட்ட ப்ரோகிராம் எழுதியவர், நம்பர் தாவித் தாவிப் போகிறது என்று முழுவதையும் எனக்கு அனுப்பினார். திறந்தால், என் தவறான உதாரணம் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே ‘தவறு: இப்படி எழுதாதீர்கள்’ என்ற என் வரியும் இருக்கிறது. இந்த வரியைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவருக்கு மனசு கொஞ்சம் வருத்தப்பட்டது போலிருந்தது.

“நீங்க எழுதினதுதானே சார், அதான் ஒரு எழுத்துகூட மாத்தாம வெச்சிருக்கேன்.”

அடுத்த பதிப்பு

‘அடுத்த பதிப்பில் நீக்கப்படும்’ என்று எழுதினேன் அல்லவா? அடுத்த பதிப்பு வந்தது. ‘ஷோ’வை எடுத்துவிடலாமா என்று ஹரீஷிடம் கேட்டேன். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார், எடுத்தால் அவருடைய போர்டெல்லாம் இருண்டுவிடும், இந்தத் தடவை வேண்டாம் என்றார். அதற்கடுத்த பதிப்பிலும் அதே பதில். அதற்கும் அடுத்ததிலும். ஒவ்வொரு தடவையும் ‘அடுத்த’ என்ற சொல்லை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. எந்த நாளில் படித்தாலும் அது உண்மை போலவே இருந்தது. நான் பொய் எழுதுகிறேனா, மெய் எழுதுகிறேனா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

எங்கள் ஆபீஸில் ப்ரோகிராம் பார்த்துக்கொள்வது நந்தினி. பிறந்தது மைசூரில், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, ஆபீஸில் எங்களை மேய்ப்பாள். என் குழப்பத்தை அவளிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: “அது எங்க வீட்டு ஓனர் அடுத்த மாசம் வெள்ளையடிக்கிறேன்னு சொல்ற மாதிரி ஸார். கேட்டா யாருக்கும் கோபம் வராது, ஆனா அதை நம்பி யாரும் கட்டிலை நகர்த்த மாட்டாங்க.”

மூன்று வாசல்

போன வருஷம் ஹனூரிலிருந்து செல்வி என்ற பெண் கூப்பிட்டாள். அங்கே ஒரே ஒரு டாக்டர் நடத்தும் சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. போர்டை மாட்டிக் கொடுத்த ஆள் பாதியில் போய்விட, ப்ரோகிராமை அவளே எங்கள் பக்கங்களைப் பார்த்துப் பார்த்து எழுதி முடித்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அதைவிட முக்கியம், எட்டு வருஷத்தில் என் பக்கங்களை முழுக்கப் படித்த முதல் ஆள் அவள்தான்.

“ஏனுங்ண்ணா, ஷோ வேண்டாம், டிஸ்ப்ளே போடுன்னு எழுதியிருக்குதுங். சரீன்னு டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போனா, ஒரே போர்டு இருந்தா ‘புட்’டுங்கற கமாண்டே போதும்னு இருக்குதுங். புட்டுக்குப் போனா, இது பழசு, ஷோ போடுன்னு இருக்குதுங். மூணு வாசல்லயும் நுழைஞ்சு பாத்துட்டனுங், திரும்பத் தெருவுக்கே வந்து நிக்கறனுங்.”

பார்த்தேன். உண்மைதான். மூன்றையும் வெவ்வேறு வருஷத்தில் நானே எழுதியிருக்கிறேன். எழுதியபோது ஒவ்வொன்றும் சரி. திருத்துகிறேன் என்றேன். “அது வரைக்கும் நானு ஷோவையே வெச்சிருக்கட்டுங்களா? அதை ஏன் போடக் கூடாதுங்?” என்று கேட்டாள். எனக்குக் காரணம் சட்டென்று ஞாபகம் வரவில்லை. தயங்கினேன். வசந்தா கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே தப்பு என்று முடிவு கட்டியிருப்பாள். செல்விக்கு என்னை அவ்வளவு தெரியாது. “அது பழசும்மா, அவ்வளவுதான். இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது” என்றேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“சரீங்ண்ணா, நீங்க சொன்னதை அப்படியே எழுதி வெச்சுக்கறனுங்.”

ஒயர் இல்லாத சுவிட்ச்

இது வீட்டில் நடந்தது. ஆனால் தொழிலோடு சேர்ந்தது. எங்கள் குளியலறைக்கு வெளியே மூன்று சுவிட்ச். மூன்றாவதன் மேல் பிளாஸ்திரி போட்டு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும்: ‘இதைப் போடாதீங்க.’ வசந்தாவின் கையெழுத்து. ஏன் என்று நான் கேட்டதில்லை. அவள் இருந்தபோது கேட்க அவசியம் இல்லை, பிறகு கேட்க ஆள் இல்லை. ஆறு வருஷமாக அதை நான் போட்டதில்லை. உலகத்தில் ஓர் எச்சரிக்கையையாவது ஒருவன் மதித்தான் என்றால் அது இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மின்விசிறி பார்க்க எலெக்ட்ரீஷியன் முனிராஜு வந்தார். காகிதத்தைப் பார்த்து, “இது எதுக்கு சார்?” என்றார். தெரியாது என்றேன். எங்கள் ஏரியாவில் நாலு தெருவுக்கு வேலை பார்க்கிறவர். தெரியாத சுவிட்சை விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. கழற்றினார். பின்னால் ஒயரே இல்லை. வெறும் பெட்டி. என்றைக்கோ ஷாக் அடித்து, அவளே ஆளைக் கூப்பிட்டு ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, காகிதத்தை எடுக்க மறந்தாளா? இல்லை, ஒயர் பிடுங்கியிருக்கிறது, போட்டாலும் பயனில்லை என்று சொல்லத்தான் ஒட்டினாளா? ஆறு வருஷமாக நான் எதற்குப் பயந்தேன் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். முனிராஜு காகிதத்தை உரிக்கப் போனார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, மூடியைத் திருப்பி முடுக்கினார்.

“இருக்கட்டும்னா இருக்கட்டும் சார். ஆனா ஏன்னு எழுதலேன்னா, அடுத்து வர்றவனும் என்னை மாதிரி கழட்டித்தான் பாப்பான்.”

சனிக்கிழமை மத்தியானம்

மறுநாள் ஆபீஸில் ‘ஷோ’ பக்கத்தைத் திறந்து, முனிராஜுவின் கண்ணால் படித்துப் பார்த்தேன். இது எதுக்கு சார்? எனக்குத் தெரியவில்லை. டிராயரின் அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் காரணம் இருந்தது: ‘ஷோ எந்தப் போர்டு என்று கேட்காது. கம்ப்யூட்டரோடு எத்தனை போர்டு சேர்ந்திருக்கிறதோ அத்தனையிலும் ஒரே நம்பரைக் காட்டிவிடும்.’ ஒரு போர்டு மட்டும் இருக்கிற இடத்தில் ஒன்றும் ஆகாது. செல்வியிடம் சொன்னது தப்பில்லை என்று மூச்சு விட்டேன். அப்போது நந்தினி எதிரில் வந்து உட்கார்ந்தாள். “ஹனூர் செல்வி காலையில மெஸேஜ் அனுப்பியிருந்தாங்க ஸார். திங்கள்கிழமையிலிருந்து குழந்தைகளுக்குன்னு ஒரு லேடி டாக்டர் வர்றாங்களாம், ரெண்டாவது ரூம், ரெண்டாவது போர்டு. ஒயரை அதே கம்ப்யூட்டர்ல சொருகலாமான்னு கேட்டாங்க. சொருகலாம்னு சொல்லிட்டேன்.” செல்வி இன்னும் ‘ஷோ’வை வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. அதை இருக்கட்டும் என்று சொன்னவன் நான்.

இரண்டு அறைக்கும் டோக்கன் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஓர் அறை டாக்டர் மணி அடித்தால் இரண்டு போர்டிலும் அதே நம்பர் எரியும். அந்த நம்பர்க்காரர்கள் இரண்டு பேரும் எழுந்திருப்பார்கள். ஒன்று குழந்தைகள் அறை, மற்றது பெரியவர்கள் அறை, இரண்டிலும் ஊசி. செல்வியைக் கூப்பிட்டேன். கோபிநத்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறாள் என்று நந்தினி சொன்னாள். அங்கே காட்டோரம், சிக்னல் கிடைக்காது. கிளினிக் நம்பரை யாரும் எடுக்கவில்லை. ஹரீஷிடம் ஓடினேன். ‘ஷோ’வை இன்றைக்கே எடுத்துவிடுவோம், எங்கள் திருத்தம் இணையம் வழியாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தானாகப் போய்விடும், அவள் போர்டு இருண்டுவிடும், தப்பாகக் காட்டுவதைவிட இருட்டு மேல் என்றேன். இந்த எட்டு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

“ஒருத்தருக்காக எல்லாரோட போர்டையும் அணைக்கறது பேடா, வேண்டாம் ஸார். நம்ம பக்கம் தப்பில்ல, மஞ்சள் பெட்டில தெளிவா சொல்லியாச்சே?”

ஏழாம் நம்பர்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் கன்னடத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை விடியும்போது பஸ் ஏறினேன். வழியில் அடித்தும் அவள் எடுக்கவில்லை. கொள்ளேகாலில் மாறி ஹனூர் போய் இறங்கியபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. கிளினிக் ஒன்பதுக்கே திறந்திருந்தார்கள். வாசலில் செருப்புக் கூட்டம். இரண்டு கதவு, இரண்டு போர்டு, இரண்டிலும் பதினொன்று எரிகிறது. போர்டுகளுக்குக் கீழே மஞ்சள் சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருந்தது: ‘இந்த நம்பர் இரண்டு ரூமிலும் சேர்ந்து வருகிறது. உங்கள் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகவும்.’ அதன் நேர் கீழே நின்றுகொண்டு நாலு பேர், “பதினொண்ணு எந்த ரூம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று தொண்டை கம்மக் கம்மப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்தான் செல்வி என்று கேட்காமலே தெரிந்தது. மைசூரிலிருந்து வருகிறேன் என்றேன். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது, பிறகு என்னவோ ஆயிற்று.

கூப்பிடுவதற்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒன்பதே காலுக்குப் பெரியவர்கள் அறையில் மணி அடித்திருக்கிறார்கள். இரண்டு போர்டிலும் ஏழு. பெரியவர்கள் ஏழு, நாய் கடித்து ஊசிக்கு வந்த ஒரு விவசாயி. குழந்தைகள் ஏழு, தடுப்பூசிக்கு வந்த ஐந்து மாசக் குழந்தை. விவசாயி வெளியே பீடி குடிக்கப் போயிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் எழுந்தாள், திறந்திருந்த கதவுக்குள் போனாள். நர்ஸம்மா ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டுத் திரும்பினால், நாய்க்கடிக்காரர் உட்கார வேண்டிய நாற்காலியில் தாயின் மடியில் குழந்தை. பெரியவர் என்று கேஸ்ஷீட்டில் இருந்ததால் போடாமல் நின்றுவிட்டார்கள். நாய் கடித்ததும் ஒரு குழந்தையையே என்றிருந்தால், கேட்காமலே போட்டிருப்பார்கள்.

அந்தத் தாய் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சரியான அறையில் சரியான ஊசி போட்டாகிவிட்டது. குழந்தை அழுது ஓய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது, யாரோ ஆபீசர் என்று நினைத்துக்கொண்டாள். “பலகையில ஏழுன்னு போட்டுச்சுங்க, நானும் ஏழுதானுங்க. நானு என்ன தப்புப் பண்ணுனனுங்க?”

மானிட்டர் ஓரம்

செல்வி போய் ப்ரோகிராமை மாற்றட்டும், பெயரை நான் கூப்பிடுகிறேன் என்று பட்டியலை வாங்கிக்கொண்டு கதவுகளுக்கு நடுவில் நின்றேன். எட்டு வருஷமாக எழுத்தில் சொன்னதை முதல் தடவையாக வாயால் சொன்னேன். ‘இந்த ரூம் இல்லை, அந்த ரூம்.’ ‘நீங்க இல்லைம்மா, அவர்.’ எல்லாரும் கேட்டார்கள். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசவில்லை. இது எனக்கு இன்னும் புரியவில்லை. தலைக்கு மேலே மஞ்சள் தாளில் இருப்பதும் அதே விஷயம்தான்.

அரை மணியில் செல்வி கூப்பிட்டாள். ‘டிஸ்ப்ளே’ போட்டுவிட்டாள், ஒரு தடவை பாருங்கள் என்றாள். சரியாக இருந்தது. என்னைவிடச் சுத்தமாக எழுதுகிறாள். போர்டுகள் பிரிந்து, ஒன்றில் பதினேழும் மற்றதில் பதினான்கும் எரிந்தன. எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன். மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள், நிறம் மங்கி, மூலை சுருண்டு இருந்தது. அழகான கையெழுத்து. ‘ஷோ – இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது. – மைசூர் அண்ணா.’ போன வருஷத்துத் தேதியும் போட்டிருந்தாள்.

மன்னிச்சுக்கோம்மா என்றேன். அது சரியாக வெளியே வந்ததா என்று தெரியவில்லை. அதைக் கிழித்துவிடலாமா என்று கையை நீட்டினேன். அவள் தாளை விரலால் அழுத்திக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

“இல்லீங்ண்ணா, உங்க பக்கத்துல போடாதேன்னு எழுதியிருந்துச்சுங். நீங்களே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதுக்கப்புறம் நானு எதுக்குங் சந்தேகப்படோணும்?”

முக்கால் பக்கம்

சாயங்காலம் நேராக ஆபீஸ் போனேன். ஹரீஷிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் கைக்குழந்தை இருக்கிறது. பெரிய வாடிக்கையாளரைத் தானே நேரில் போய்ப் பார்த்து மாற்ற வைத்தார். அந்த மாசமே ‘ஷோ’ லைப்ரரியை விட்டுப் போயிற்று. அதன் பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அங்கே மஞ்சள் பெட்டி முக்கால் பக்கத்துக்கு இருக்கிறது. என்ன கட்டளை இருந்தது, ஏன் எடுத்தோம், இரண்டு அறை இருந்தால் என்ன நடக்கும் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். பெயர் போடாமல் ஏழாம் நம்பரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஹரீஷ் படித்துவிட்டு ஒரு வரிகூட வெட்டவில்லை. வீட்டில் மூன்றாவது சுவிட்சின் காகிதத்துக்குக் கீழே, ‘பின்னால் ஒயர் இல்லை. ஏன் என்று தெரியாது’ என்று நானும் ஒரு வரி எழுதி ஒட்டினேன். அவள் எழுத்துக்குக் கீழே என் எழுத்து ஸ்டோர்க்காரன் கிறுக்கலாகத்தான் தெரிகிறது.

போன வாரம் மண்டியாக்காரர் மறுபடியும் கூப்பிட்டார், அந்தப் பழைய மஞ்சள் எழுத்துக்காரர்தான். புதுப் பக்கத்தைப் பார்த்தாராம். படித்தீர்களா என்று ஆசையாகக் கேட்டேன். “எங்க சார் படிக்கிறது, கதை மாதிரி போய்க்கிட்டே இருக்கு. என்ன பண்ணணும்னு நீங்களே வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், நான் எழுதி வெச்சுக்கறேன்.”

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: எட்டு வருஷம் யோசித்து யோசித்துச் சரியாக எழுதியதை யாரும் கேட்கவில்லை, ஒரு நாள் யோசிக்காமல் தப்பாகச் சொன்னதை மட்டும் ஒருத்தி ஓர் எழுத்து பிசகாமல் எழுதி, தேதி போட்டு, என் பெயரிலேயே ஒட்டி வைத்தாள்.